விளையாட்டுக் களமும் கதைக் களமும்

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலே "இசையும் கதையும்" என்னும் நிகழ்ச்சி பல்லாண்டு காலம் ஒலிபரப்பாகி வந்ததை மூத்த தலைமுறையினர் நன்கறிவர். நேயர் ஒருவர் ஒரு கதையை எழுதித் தபாலில் அனுப்புவார். கதையின் திருப்பந்தோறும் ஒரு திரைப்படப் பாடல் குறிக்கப்பட்டிருக்கும். அறிவிப்பாளர் அக்கதையை உணர்ச்சி ததும்ப வாசித்துக்கொண்டு வருவார், காதலர் பிரியும் இடத்தில் வாசிப்பு நிற்கும், பாடல் எழும். அப்பாடல் யாரோ ஒரு கவிஞர் வேறொரு கதையின் வேறொரு கதாநாயகனுக்காக எழுதியது. ஆயினும், ஒலிக்கும் அந்த மூன்று நிமிட நேரம் அது யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ புத்தளத்திலோ இருந்து எழுதிய நேயரின் பாத்திரத்துக்கே உரியதாகிவிடும். படம் பிறருடையது, பாடல் பிறருடையது, துயரம் மட்டும் சொந்தமானது.

இவ்வெழுத்துக்களை எமது விமரிசகர்கள் இலக்கியமாகக் கணித்ததில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அக்கதைகளிற் பெரும்பாலானவை கண்ணீரை மலிவாகக் கறந்தவை என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், ஒரு வெகுசனக் கலையின் இரசிகர் கூட்டம், கேட்பதோடு நின்றுவிடாது, கேட்டதையே கருவியாகக் கொண்டு எழுதவும் தலைப்பட்டது என்னும் சமூக உண்மை கவனிப்பாரின்றிப் போயிற்று. அதே கவனிப்பின்மை இன்று வேறொரு கூட்டத்தாரின் எழுத்து விடயத்திலும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. வீடியோ விளையாட்டுக்களின் இரசிகர்கள் எழுதும் கதைகளையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

"விளையாட்டிலே கதை என்ன கதை?" என்று பல்கலைக்கழக வாசகர் புருவம் உயர்த்தலாம். உலகளாவிய நிலையில் நோக்கின் இது சிறிய விடயமன்று. இரசிகர் புனைவுகளுக்கென்றே 1998இல் தொடங்கப்பட்ட இணையக் களம் ஒன்றும், 2009இல் தொடங்கப்பட்ட ஆவணக் களம் ஒன்றும் எண்ணற்ற கதைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் வீடியோ விளையாட்டுக்களை ஆதாரமாகக் கொண்டவற்றுக்குத் தனிப் பகுதிகளே உள்ளன. பின்னைய களமாகிய "ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்" 2019இல் அறிவியற் புனைகதை உலகின் உயர்ந்த விருதாகிய ஹியூகோ விருதினைப் பெற்றது. பெயரறியா எழுத்தாளர் ஆயிரக்கணக்கானோரின் கூட்டு உழைப்புக்கு அத்தகைய விருதொன்று கிடைத்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரவல் பாத்திரங்களைக் கொண்டு எழுதுவது ஆக்கமாகுமா என்பதே இவ்வெழுத்துக்கு எதிராக முதலில் எழும் வினா. தமிழ் படிப்போர் இவ்வினாவை எழுப்புவது சற்று வேடிக்கையானது. அல்லி அரசாணி மாலையின் அல்லி வியாசரிடம் இல்லாதவள். பாரதத்தைக் கேட்டுத் திளைத்த மக்கள் அருச்சுனனைப் பணியவைக்க ஒரு பெண் வேண்டுமென்று கருதியபோது பிறந்தவள். புதுமைப்பித்தன் "சாப விமோசனம்" எழுதியபோது அகலிகையைப் புதிதாகப் படைக்கவில்லை. அவளுக்கு நேர்ந்ததன் பின்னர் என்னவாயிற்று என்றுதான் கேட்டார். 1950 முதல் 1954 வரை வெளிவந்த கல்கியின் "பொன்னியின் செல்வன்" முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் "நந்திபுரத்து நாயகி"யைத் தொடர்ந்தார். புத்தளம் மாவட்டத்திலேயே, உடப்பு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் ஆண்டுதோறும் பாரதக் கதை நிகழ்த்தப்படுவதையும் தீமிதிப்பு நடைபெறுவதையும் பார்த்தவர்கள், கதை கேட்பதற்கும் கதைக்குள் இறங்கிவிடுவதற்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது என்பதை உணர்வர்.

ஆயினும் விளையாட்டிலிருந்து பிறக்கும் கதைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நாவலின் இரசிகன் பிறர் முடித்துவைத்த கதையைத் தொடர்கின்றான். விளையாடுபவனுக்கோ கதை பாதிதான் தரப்பட்டிருக்கின்றது. எஞ்சிய பாதி அவனுடைய கையாலும் தற்செயலாலும் நிகழ்வது. 2006இல் வெளிவந்த "டுவார்ஃப் ஃபோர்ட்றெஸ்" என்னும் விளையாட்டை ஒரு நண்பர் குழு முறைவைத்து ஆடியது. ஒருவர் ஓராண்டு கோட்டையை ஆள்வார்; பின்னர் அப்படியே அடுத்தவரிடம் கையளிப்பார்; ஒவ்வொருவரும் தமது ஆட்சிக் காலத்தை நாட்குறிப்பாக எழுதவேண்டும். "போட்மர்டர்ட்" என்று பெயர்பெற்ற அக்கோட்டையின் வரலாறு, யானைகளின் தாக்குதலிலும் நெருப்பிலும் பைத்தியத்திலும் சீரழிந்த ஓர் அரசின் அவலநகைச்சுவையாக இன்றும் படிக்கப்படுகின்றது. திட்டமிட்டு எழுதியிருந்தால் அத்தனை குழப்பத்தை எவராலும் கற்பித்திருக்க முடியாது.

இதனினும் உருக்கமானது 2009இல் எழுதப்பட்ட "அலிஸ் அண்ட் கெவ்". இங்கிலாந்தில் விளையாட்டு வடிவமைப்புப் பயின்ற மாணவராகிய றொபின் பேர்கின்ஷோ என்பார், "த சிம்ஸ் 3" என்னும் விளையாட்டில் ஒரு தந்தையையும் மகளையும் படைத்து, அவர்களிடம் வீடும் பணமும் இல்லாதவாறு செய்து, வெட்டவெளியில் விட்டார். வீடு கட்டி, தளபாடம் வாங்கி, வசதி பெருக்கி மகிழ்வதற்கென்று செய்யப்பட்ட விளையாட்டு அது. தந்தை கோபக்காரன், சித்தம் தடுமாறியவன். மகள் இரக்கமுள்ளவள், தன்னம்பிக்கையற்றவள். பின்னர் நிகழ்ந்ததைப் படங்களோடு எழுதிக்கொண்டு போனார். உறங்க ஒரு படுக்கை தேடி அலையும் அப்பெண் ஈற்றில் ஒரு வேலை பெறுகின்றாள்; உழைத்த பணம் கைக்கு வந்ததும் அதனைத் தருமத்துக்குக் கொடுக்க விரும்புகின்றாள். அவ்விருப்பம் எழுதியவர் கற்பித்ததன்று. விளையாட்டின் கணிப்பொறி விதிகள் தாமாகவே காட்டியது. பார்த்தவர் திகைத்தார், பின்னர் எழுதினார். பொருள் குவிப்பதைப் போற்றும் ஒரு விளையாட்டின் உள்ளிருந்தே பொருளற்றவரின் கதை வெளிப்பட்டது. எமது முற்போக்கு எழுத்தாளர்கள் இதனைப் படித்திருப்பின் தமக்கு ஒரு தூரத்து உறவு கிடைத்ததாக மகிழ்ந்திருப்பர்.

தமிழ் இத்துறைக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ரொறன்ரோவிலே தமிழ்க் கலைஞர்களின் முயற்சியாற் படைக்கப்பட்டு 2023இல் வெளிவந்த "வெண்பா" என்னும் விளையாட்டு, கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஆடுபவர் மீட்டெடுக்கும் வகையில் அமைந்தது. 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலை மன்றமாகிய பாஃப்டா, முதற்படைப்புக்கான விருதினை அதற்கு வழங்கியது. ஆனால் எமது இளைஞருட் பெரும்பாலார் நாள்தோறும் ஆடுவது அதனை அன்று. அவர்கள் ஆடுவது பப்ஜி.

நுரைச்சோலையிலும் அதுவே. கற்பிட்டிக் குடாநாட்டிலே, மேற்கே கடலும் கிழக்கே களப்புமாக நீண்டு கிடக்கும் மணற்பூமி அவ்வூர். கிணற்று நீரை இறைத்துத் தெளித்து, அம்மணலிலே வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்கின்றனர். தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்க மீனவர்களும் சிங்களவர்களும் கலந்து வாழும் இப்பிரதேசம், முன்னர் தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகருக்கே பெரிதும் அறிமுகமாயிருந்தது. 2011இல் முதலாவது மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்றும் பூர்த்தியாகி, 900 மெகாவாற்று கொள்ளளவுடன் நிற்கும் லக்விஜய அனல்மின் நிலையம் ஊரின் பெயரை நாட்டின் செய்திகளுக்குள் கொண்டுசென்றது. அதன் புகைபோக்கி தொலைவிலிருந்தே தெரியும். 2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களில், அப்புகைபோக்கியின் கண்ணெட்டும் தூரத்திலிருந்த வீடுகளிலும் இருளே நிலவியது.

அவ்விருளில் ஒரு வீட்டிலே ஒரு பெண் எழுதத் தொடங்கினாள். அந்த மாத முற்பகுதியிற்றான் அவள் உயர்தரப் பரீட்சையைக் கலைப்பிரிவில் எழுதி முடித்திருந்தாள். அவளிடம் சொந்தமாகக் கைத்தொலைபேசி இல்லை. அவளுடைய தம்பியிடம் இருந்தது. அவன் அதிற் பப்ஜி ஆடுவான். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பாள். இரசிகர் என்றால் ஆடுபவர் என்றே பலர் கொள்வர். பார்த்திருப்பவரும் இரசிகரே; சிலவேளை ஆடுபவர் காணாததைப் பார்த்திருப்பவர் காண்கின்றார்.

அறியாதார் பொருட்டு அவ்விளையாட்டின் அமைப்பைச் சுருங்கக் கூறலாம். நூறு பேர் ஒரு விமானத்திலிருந்து பரசூட் மூலம் ஒரு தீவில் இறங்குகின்றனர். எவரிடமும் ஆயுதம் இல்லை. ஓடிச்சென்று வீடுகளுக்குள் நுழைந்து, அங்கே கிடக்கும் துப்பாக்கி, மருந்துப் பெட்டி, தலைக்கவசம் ஆகியவற்றைச் சேகரிக்கின்றனர். பின்னர் ஒருவரையொருவர் கொல்லத் தொடங்குகின்றனர். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ஈற்றில் எஞ்சும் தனியாளோ குழுவோ வெற்றி பெறும். தீவிலே வீடுகள் உண்டு, தெருக்கள் உண்டு, பாடசாலைக் கட்டடம் உண்டு. குடிமக்கள் இல்லை. ஆடும் சிறுவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. பொருள் கிடைக்கும் அறை எது, படிக்கட்டு எங்கே என்பனவே அவர்களுக்கு வேண்டியவை.

அவள் வேறொன்றைக் கேட்டாள். "இந்த வீட்டு ஆக்கள் எங்க போன?"

"இது கேம், ராத்தா. ஆக்கள் இருக்கமாட்டாங்க" என்றான் தம்பி.

தொலைபேசியின் மின்கலம் வற்றி விளையாட்டு நின்றபின், மெழுகுதிரி வெளிச்சத்தில், பரீட்சைக்கென வாங்கி எஞ்சியிருந்த கொப்பியில் அவள் அவ்வீட்டாரைப் பற்றி எழுதினாள். முதற்கதை மிக எளியது. ஒரு தாய், மூன்று பிள்ளைகள்; வெளியேறும்படி அறிவிப்பு வருகின்றது; அடுப்பிலே சோறு வெந்துகொண்டிருக்கின்றது; அதை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் கடற்கரைக்கு நடக்கின்றனர். தம்பி மறுநாள் அக்கொப்பிப் பக்கங்களைப் படம்பிடித்துத் தன் விளையாட்டுக் குழுவினரான மூவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான். அவர்கள் பிறருக்கு அனுப்பினர். சில நாட்களில் "நாங்க இறங்குற வீட்டையும் எழுதச் சொல்லு" என்று வேண்டுகோள்கள் வந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் வழமையாக இறங்கும் வீடு ஒன்று உண்டு என்பதும், அவ்வீட்டின்மீது அவர்களுக்கு ஒருவகைப் பற்று உண்டு என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது.

அவ்வாசகர்கள் கண்டிப்பானவர்கள். ஒரு கதையிலே மாடி வீடென்று எழுதியிருந்தாள். அவ்வீட்டுக்கு மாடி இல்லை என்று கண்டனம் வந்தது. பாடசாலையிலிருந்து பாலத்துக்கு ஒரு கிழவர் பத்து நிமிடத்தில் நடந்தார் என்று எழுதியதற்கு, ஓடினாலும் அந்நேரத்திற் போகமுடியாது என்று கணக்குக் காட்டப்பட்டது. எட்டுக் கிலோமீற்றர் நீளமும் அதேயளவு அகலமுமான அத்தீவின் ஒவ்வொரு மதிலையும் அவர்கள் அறிந்திருந்தனர். பரிமேலழகரைப் பிழைபிடித்த உரைகாரர்கூட இத்துணைக் கூர்மை காட்டியிருப்பாரோ என்பது ஐயமே. தவறாது எழுதவேண்டி, மின்சாரம் உள்ள வேளைகளில் தம்பியை வீட்டுக்கு வீடு நடக்கச்சொல்லி அவள் குறிப்பெடுத்தாள். சுடாமல் சுற்றிப் பார்த்துக்கொண்டு திரிந்ததால் அவன் பலமுறை செத்தான்.

இக்கதைகள் யாவும் உயர்ந்தவை என்று கூறுதல் மிகை. சில, பத்திரிகைத் தொடர்கதைகளின் வாடையுடன் இருந்தன. உரையாடல் இடையிடையே பாடநூல் தமிழுக்கு மாறி விறைத்தது. குழுவிலிருந்த வேறு சிறுவரும் பின்னர் எழுதத் தலைப்பட்டனர். அவர்கள் எழுதியதெல்லாம் தாமே நாயகராகித் தொண்ணூற்றொன்பது பேரையும் வீழ்த்திய வீரவரலாறே. உலகெங்கும் இரசிகர் எழுத்தின் பெரும்பகுதி இத்தகையதே. பல்கலைக்கழகச் சஞ்சிகைகளுக்கு வந்துசேரும் சிறுகதைகளின் பெரும்பகுதியும் இதனிற் சிறந்ததன்று என்பதை இதழாசிரியர்கள் தனிமையில் ஒப்புக்கொள்வர்.

அவளுடைய எழுத்து மாறியது அவளுடைய உம்மம்மாவினால். அம்மூதாட்டி யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களுள் ஒருவர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அன்று வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளம் மாவட்டத்தில் வந்திறங்கி, ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்து, வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்கு நின்று, ஈற்றில் அங்கேயே வேரூன்றிய பல குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அவ்வரலாற்றை அவர் வீட்டிலே விரித்துக் கூறியதில்லை. கேட்டால் "அது போச்சு" என்பார்.

ஓரிரவு பேத்தி முதற்கதையை உரக்க வாசித்தபோது அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இது தொலைபேசியில் ஆடும் ஏதோவொரு விளையாட்டைப் பற்றியது என்பது அவருக்குத் தெரியும், அதற்குமேல் தெரியாது. வாசித்து முடிந்ததும், "பிழை" என்றார். "எந்தப் பொம்பிளயும் அடுப்ப நூக்காமப் போகமாட்டா. திரும்பி வருவம் எண்டுதானே போற. வீடு எரிஞ்சு போகாதா?" சிறிது நேரங்கழித்து இன்னொன்றும் கேட்டார். "கதவப் பூட்டினதாக் காணேல்லயே. திறப்ப ஆர் வச்சிருக்கிற?"

அடுப்பு நூர்ந்தது, அதில் இடர்ப்பாடு இருக்கவில்லை. திறப்புத்தான் பெருஞ்சிக்கலாயிற்று. அவ்விளையாட்டின் வீடுகளிலே கதவுகள் தொடக்கத்தில் மூடியிருக்கும், ஆனால் பூட்டியிருப்பதில்லை. தொட்டவுடன் திறக்கும். பூட்டினதாக எழுதினால் வாசகர் கொதித்தெழுவர். பூட்டாததாக எழுதினால் உம்மம்மாவின் கூற்றுப்படி அது பொய்க்கதை. விளையாட்டின் உண்மைக்கும் வாழ்ந்தவரின் உண்மைக்கும் இடையே அக்கதை அகப்பட்டுக்கொண்டது. எழுத்தாளராக விரும்பும் எவருக்கும் இத்தகைய இக்கட்டு ஒருமுறையேனும் நேர்வது நல்லது. இரவல் களத்திலே எழுதுவது எளிது என்போர் இவ்விடத்தை ஊன்றி நோக்கவேண்டும். தானே கற்பித்த தீவாயின் அவள் விரும்பியவாறு ஒரு பூட்டைத் தொங்கவிட்டு அப்பாற் சென்றிருக்கலாம்.

அவள் இரண்டு வாரம் எழுதவில்லை. பின்னர் எழுதிய கதை, தாய் கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொள்வதில் தொடங்குகின்றது. அவள் போனபின் வீடு தனித்திருக்கின்றது. மழை பெய்கின்றது. ஒருநாள் எவரோ வந்து பூட்டை உடைக்கின்றனர், அலுமாரியைக் கிளறுகின்றனர், வேண்டியதை எடுத்துக்கொண்டு கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போகின்றனர். அதன்பின் வேறு சிலர் வருகின்றனர். அவர்களுக்கு உடைப்பதற்கு ஒன்றும் இல்லை. வருவோரின் பெயர்கள் கூறப்படவில்லை. ஆனால் அவர்கள் வானிலிருந்து இறங்குகின்றனர். வீட்டுக்குள் நுழைந்ததும் மருந்துப் பெட்டியைத் தேடுகின்றனர். படுக்கையறைச் சுவரிலே மாட்டியிருக்கும் படத்தை அவர்களில் ஒருவரும் பார்ப்பதில்லை.

வட்ஸ்அப்பில் இக்கதை சென்றபின் சில நாட்கள் எவ்விதப் பதிலும் வரவில்லை. மாடியில்லாத வீட்டுக்கு மாடி வைத்ததைக் கண்டித்தவர்கள்கூட வாயடைத்திருந்தனர். பின்னர் ஒருவன் மட்டும் எழுதினான்: "அப்ப நாங்களா கள்ளன்?" அதற்கு அவள் மறுமொழி அனுப்பவில்லை. தம்பி விளையாடுவதை நிறுத்தினான் என்று கருதவேண்டியதில்லை. மின்சாரம் வந்த அன்றே ஆடினான். விளையாட்டிலே திறந்துகிடக்கும் கதவு எதிரிக்கு அடையாளம் காட்டும் என்பதால் வெளியேறும்போது அதைச் சாத்திவிடுவது தேர்ந்த ஆட்டக்காரர் சிலரின் வழக்கம். அவனுக்கு முன்னர் அவ்வழக்கம் இருக்கவில்லை. இப்போது சாத்துகின்றான், அதற்குச் செலவாகும் வினாடிகளுக்காகக் குழுவினரிடம் ஏச்சும் வாங்குகின்றான்.

உம்மம்மா அடுத்த கதையைக் கேட்கத் தொடங்கினார். கேட்டதோடு அமையாமல், சோனகத் தெருவிலே தமது வீட்டு முற்றம் எவ்வாறிருந்தது, எப்பக்கம் மாமரம் நின்றது, கிணற்றுக்கட்டு எவ்வளவு உயரம் என்பனவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லலானார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக "அது போச்சு" என்றிருந்தவர், ஒரு கொரிய நிறுவனம் வியாபாரத்துக்காக வரைந்த தீவுக்குத் தம் வீட்டைக் குடிபெயர்க்கச் சம்மதித்தார். வானொலி நேயருக்கு ஒரு திரைப்பாடல் உதவியது போல, நேரிற் சொல்ல முடியாததை இரவல் இடமொன்றில் வைத்துச் சொல்ல அவருக்கு இது உதவியது எனலாம்.

தம்பிக்கு மட்டும் அதில் உடன்பாடில்லை. அவன் தெருத்தெருவாக நடந்து கதைக்காகவே தேடிப் பார்த்திருந்தான். உம்மம்மா சொல்வது போன்ற கிணறு அவன் சென்ற வீடொன்றிலும் இல்லை என்றான்.

"கிணறில்லாத ஊரில ஆக்கள் எப்பிடி இருந்த?" என்று உம்மம்மா கேட்டார். பேத்தி இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இரண்டாம் கொப்பியிலே கிணற்றை வீட்டின் பின்புறம், ஆடுபவர்கள் வழமையாகப் போகாத பக்கத்தில், வைத்தாள்.